முட்டி வலிக்கும் அம்மாவோடு நடந்தே சுற்ற எந்த ஊர் நல்லது?

11 ஜூன் 2023

கேள்வியை நேராகவே வைக்கிறேன். ஏற்ற இறக்கம் இல்லாத, நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய ஊர்கள் எவை?

அம்மாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. பஸ் வராத கிராமத்துப் பள்ளிக்குத் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தே போய் வந்தவர். இப்போது இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதரையில் தாராளமாக நடக்கலாம், படியையும் சரிவையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்கு அதிக வலி. கைப்பிடி இல்லாத நாலு படி இறங்கினால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

அதனால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் பட்டியலிலேயே இல்லை. திருவனந்தபுரம் நல்ல ஊர், ஆனால் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மேடு நிற்கிறது. நாங்கள் இருப்பது திருச்சி. மலைக்கோட்டையைக் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

என் கணக்கு இதுதான்: ஆறு வண்டலைப் பரப்பிய இடம், கடலோரம், இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் தரை மட்டமாக இருக்கும். தரை மட்டமாக இருந்தால் அம்மாவால் நடக்க முடியும். முதலில் புதுச்சேரி, அடுத்து மதுரை, கும்பகோணம். வேறு ஊர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூன் 2023

காரில் போய் வாசலில் இறங்கிப் பார்க்கலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். போன வருஷம் அதைத்தான் செய்தோம். காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முட்டி பூட்டிக்கொள்கிறது. இறங்கியதும் முதல் பத்தடி அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். நடந்துகொண்டே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் உண்டு. காரில் அம்மா பேசவே மாட்டார். நடக்கும்போது பேசுவார். எங்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அம்மாவோடு தெருவில் நடந்தபோது கேட்டதுதான்.

18 ஜூன் 2023

தரை மட்டமா என்று வீட்டிலிருந்தே எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: கூகுள் வரைபடத்தில் இரண்டு இடங்களைக் கொடுத்து நடைவழி கேளுங்கள். பல ஊர்களுக்கு ஏற்ற இறக்கத்தை ஒரு சிறு கோடாகக் காட்டும், பெரும்பாலும் சமதரை என்று எழுத்திலும் சொல்லும். தங்கும் இடம், பார்க்கும் இடம், சாப்பிடும் இடம் மூன்றுக்கும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் ஊரை முடிவு செய்கிறேன்.

ஊர்ப்பெயரே பாதி சொல்லிவிடும். பட்டினம், துறை என்றால் நம்பலாம். குன்றம், மலை, மேடு என்றால் யோசிக்க வேண்டும்.

19 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். திருவண்ணாமலையை விட்டுவிட்டேன். மலை என்று பெயர் இருந்தும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஏறக்குறைய சமதரைதான். மலையைச் சுற்றுவது வேறு, மலை ஏறுவது வேறு. 14 கிலோமீட்டர் அம்மாவுக்கு முடியாது, ஆனால் ஒரு பகுதியை நடக்கலாம். பெயரைப் பார்த்து ஊரை ஒதுக்காதீர்கள்.

19 ஆகஸ்ட் 2023

புதுச்சேரி போய் வந்தோம். மூன்று ராத்திரி.

முதலில் விடுதி. தரைத்தள அறை என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டு உறுதி செய்திருந்தேன். போய் நின்றால் முதல் மாடி, மின்தூக்கி கிடையாது, 19 படி. தரைத்தளத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஊரையெல்லாம் மட்டம் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை 19 படி ஏறி இறங்கினார். இனிமேல் அறையின் படத்தோடு, வாசலிலிருந்து அறை வரைக்கும் உள்ள வழியின் படத்தையும் அனுப்பச் சொல்லி வாங்கப்போகிறேன்.

ஊர் சொன்னபடியே மட்டம். சதுரங்கக் கட்டம் மாதிரி நேர்நேரான வீதிகள். கட்டத்தைச் சுற்றி முட்டை வடிவில் பெரிய சாலைகள், அதில் கிழக்குப் பக்கம்தான் கடற்கரைச் சாலை. நடுவில் வடக்கு தெற்காக ஒரு வாய்க்கால். அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வழி தவறவே முடியாத ஊர். இதை ஒரு முக்கியமான குணமாகச் சொல்வேன். வழி தவறி அரை கிலோமீட்டர் திரும்பி நடப்பது நமக்கு ஒன்றுமில்லை, முட்டி வலிக்காரருக்கு அது அந்த நாளின் பாதி.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கும் சாலை. பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, போர் நினைவுச் சின்னம் எல்லாம் அதே வரிசையில். உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. முதல் நாள் மாலை அம்மா முழு நீளமும் நடந்து திரும்பியும் வந்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை 11 மணிக்கு எல்லாம் மாறிப்போனது. பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த நேரத்தில் பல வீதிகளில் சுவரோரம் ஒரு சாண் நிழல்கூட இல்லை. ஆகஸ்ட் வெயில். 300 மீட்டரில் அம்மா நின்றுவிட்டார். முட்டி வலிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்றார்.

ஆட்டோ கிடைக்காமல் மெல்ல வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தோம். வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகள் சிலவற்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் தெருவின் மேலேயே மரத்தூண் ஊன்றிச் சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். அதுதான் தாழ்வாரம். அதற்குள்ளே திண்ணை. தாழ்வாரத்துக்குள் காலடி வைத்ததும் வெயில் போன இடம் தெரியவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி, நாங்கள் கேட்காமலே "உக்காருங்கம்மா" என்றார். சொம்பில் தண்ணீர் வந்தது. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். அம்மா கற்றுக்கொடுத்த பள்ளியைப் பற்றி, அந்தப் பாட்டி படிக்காமல் விட்டதைப் பற்றி. அன்று அதற்கு மேல் நாங்கள் எதையும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஜூன் 11 அன்று நான் எழுதியது தப்பு. தரை மட்டமாக இருந்தால் மட்டும் போதாது. நிழல் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சரிவு அதற்குப் பிறகுதான்.

27 ஆகஸ்ட் 2023

அந்த வாரம் எழுதிய வேகத்தில் பிரெஞ்சுப் பகுதியைக் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ என்று படுகிறது. காலை 6 முதல் 8 வரை அங்கே நடப்பது அருமையாக இருந்தது. தப்பு எங்கள் நேரத்தில்தான்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். நடைபாதை. உயரமாகக் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெட்டி இறக்கியிருக்கிறார்கள். அதில் நடந்தால் ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. எதிரே ஸ்கூட்டர் நின்றால் அங்கேயும் இறங்கு. ஒரு வீதியில் எண்ணிப் பார்த்தேன், 22 முறை. வரைபடம் அந்த வீதியைச் சமதரை என்றுதான் காட்டுகிறது. அம்மாவின் முட்டிக்கு அது ஒரு சின்னக் குன்று. கடைசியில் இரண்டு பேரும் நடுத்தெருவில்தான் நடந்தோம்.

28 ஆகஸ்ட் 2023

நம் ஊர்கள் எல்லாவற்றிலும் நடைபாதை இப்படித்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், இப்படித்தான். அதற்காக வீட்டிலேயே இருக்க முடியாது.

8 அக்டோபர் 2023

மதுரை. சுருக்கமாக எழுதுகிறேன், நிறைய பேருக்குத் தெரிந்த ஊர்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினோம் (தரைத்தளம், படத்தோடு உறுதி செய்தது). டவுன்ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு நடை, ஒரு கிலோமீட்டர் அளவு, முழுக்கச் சமதரை. கூட்டம் மட்டும் அதிகம்.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது சித்திரை வீதி. நாலு பக்கமும் வண்டி விடுவதில்லை. கோயில் மதில் ஒரு பக்கம் 250 மீட்டர் போல வரும் என்பதால் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தரையில் கல் பாவியிருக்கிறார்கள், ஏறி இறங்க ஒன்றும் இல்லை. காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று. ஒவ்வொரு கோபுரத்தின் எதிரிலும் நின்று, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி நடை. உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை, அதற்கு வெளியே ஆவணி மூலம், பிறகு மாசி, அப்புறம் பழைய கோட்டை இருந்த இடத்தில் வெளி வீதி. அம்மா நடந்துகொண்டே மாதங்களின் பெயரைச் சொல்லிக் கணக்கு வைத்தார். ஊரையே ஒரு நாள்காட்டி மாதிரிக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றார்.

ஒரு எச்சரிக்கை. செருப்பை விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போக முடியும். திறந்தவெளிக் கல் மதியத்தில் கொதிக்கும். விரிப்பு போட்ட இடத்திலும் அவசர அவசரமாக எட்டு வைக்கத் தோன்றும், அந்த அவசரம்தான் முட்டிக்கு ஆகாது. காலையிலேயே போய்விடுங்கள்.

25 பிப்ரவரி 2024

இழையை மறுபடி மேலே கொண்டு வருகிறேன். பினாங்கு போய் வந்தோம்! மலேசியா போன டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று அறிவித்ததும் முடிவு செய்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், ஒரு நாள் ஓய்வு, அங்கிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு ஃபெரி. ரயிலில் நாலு மணி நேரம்தான், நடுவில் எழுந்து நடக்க இடம் உண்டு. முட்டி பூட்டிக்கொள்ளவில்லை.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி கடலோரச் சமதரை. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் வந்தது. கடைவீடுகள் வரிசையாக இருக்கின்றன. கீழே கடை, மேலே வீடு, முன்னால் தெருவை ஒட்டி மேல்மாடியின் அடியிலேயே ஒரு நடைவழி. இதை அங்கே ஐந்தடி என்கிறார்கள். அகலம் ஐந்தடி இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். சிங்கப்பூரில் 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே, வீடு கட்டுகிறவர் முன்னால் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்று இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அடைக்கலம்.

அம்மா பார்த்ததுமே சொன்னார்: "இது நம்ம பாண்டிச்சேரி தாழ்வாரம்டா, மேல ஒரு மாடி ஏத்தி வச்சிருக்காங்க."

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்தடி தொடர்ச்சியாக இல்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் தரையைத் தன் விருப்பப்படி உயர்த்தியிருக்கிறார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் அரை அடி வித்தியாசம். சில இடத்தில் சாமான், சில இடத்தில் மோட்டார் சைக்கிள், சில இடத்தில் சுவரே வைத்து அடைத்திருக்கிறார்கள். நாங்கள் கண்டுபிடித்த வழி: வெயில் இல்லாதபோது தெருவோரம், வெயிலிலும் மழையிலும் ஐந்தடி. இரண்டாம் நாள் மதியம் கொட்டிய மழையில் ஒரு மணி நேரம் ஒரு ஐந்தடியில் நின்றோம். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அம்மாவுக்குப் போட்டார். சீனர், தமிழ் பேசுபவர் இல்லை. அம்மாவின் காலைக் காட்டி, தன் காலையும் தட்டிக் காட்டினார். அவருக்கும் அதே முட்டி.

ஒரே தெருவில் நாலு மதம் என்று சொல்வார்களே, அது இங்கே கண்ணெதிரே உண்மை. இந்திய முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணை தேவதை கோயில், கோடியில் 1818இல் முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் ஒரே சாலை. மாரியம்மன் கோயில் ஒரு தெரு தள்ளி, குயின் தெருவில், 1833இல் வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள். நடுநடுவே உட்கார்ந்து காலை முழுக்க இதையே பார்த்தோம். லிட்டில் இந்தியாவில் அம்மா பூ வாங்கினார், பேரம் பேசினார், தோற்றார்.

கால் சோர்ந்தால் ஊருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது. இது பெரிய நிம்மதி. எங்கே முடியாமல் போனாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்ற தைரியத்திலேயே அம்மா இன்னும் கொஞ்சம் நடந்தார்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மேலே ஏற 500க்கும் மேல் படி. நாங்கள் அடிவாரத்தோடு நின்றோம். தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா கீழே நின்று ரொம்ப நேரம் மேலே பார்த்தார். "வேலை வச்சுக்கிட்டு நிக்கறவனுக்கு என் முட்டி தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

2 மார்ச் 2024

எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டவருக்கு: ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர், சில நாள் ஐந்து. ஆனால் அந்தக் கணக்கை நான் இப்போது பார்ப்பதில்லை. ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கை எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கிறேன். அம்மாவுக்கு அது 400 மீட்டர். அதற்குள் உட்கார ஓர் இடம் வந்துவிட்டால் நாள் முழுக்க நடப்பார். வராவிட்டால் ஒரு கிலோமீட்டரில் முடிந்துபோகும்.

கழிப்பறையும் அதே மாதிரி. யாரும் எழுதுவதில்லை, ஆனால் அம்மா வெளியூரில் தண்ணீர் குடிக்காமல் இருந்தது அதற்காகத்தான் என்று எனக்கு இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. புதுச்சேரியில் தலை சுற்றியதற்கும் வெயில் மட்டும் காரணமில்லை. ஆகஸ்டில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3 மார்ச் 2024

இன்னொன்று. நடப்பதைவிட நிற்பதுதான் அம்மாவைப் படுத்துகிறது. வரிசையில் இருபது நிமிஷம் நின்றால் இரண்டு கிலோமீட்டர் நடந்ததைவிட மோசம். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவிட்டேன், ஒரு கிலோவுக்கும் குறைவு. என் தோளில்தான் தொங்கும்.

14 ஜூலை 2024

வெனிஸ் போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போனதில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். கடல் மட்டத்தில் இருக்கும் ஊர், மேடே கிடையாது. கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, எல்லாரும் நடந்துதான் ஆக வேண்டும். தைரியமாகப் போங்கள்.

3 நவம்பர் 2024

ஜூலை 14 அன்று எழுதியதை நம்பி யாரும் பயணச்சீட்டு வாங்கவில்லை என்று நம்புகிறேன். வாங்கியிருந்தால் மன்னியுங்கள்.

தங்கை மகள் இத்தாலியில் பொலோன்யாவில் படிக்கிறாள். அவளைப் பார்க்க அக்டோபரில் அம்மாவும் நானும் போனோம். பத்து நாள். அதில் ஒரு நாள் வெனிஸ்.

வெனிஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே படிக்கட்டு. எதிரே பெரிய கால்வாய், அதன் மேல் பாலம், பாலம் முழுக்கப் படி. தரை மட்டம்தான், அதில் நான் சொன்னது சரி. ஆனால் ஊர் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள், அவற்றை இணைக்கும் பாலங்கள் 400க்கும் மேல். அடியில் படகு போக வேண்டும் என்பதால் பாலம் உயர்ந்தே ஆக வேண்டும், உயர்ந்தால் படி வரும். ஐந்து நிமிஷ நடையில் மூன்று பாலம். அம்மா மூன்றாவது பாலத்தின் உச்சியில் நின்று சொன்னார்: "ஏணியைப் படுக்கப் போட்டு அது மேல ஊரைக் கட்டியிருக்காங்கடா."

அதற்குப் பிறகு நீர்ப்பேருந்துதான். பெரிய கால்வாய் வழியாக மெதுவாகப் போகும் 1ஆம் எண் படகில் சான் மார்க்கோ வரை போய், சதுக்கத்தில் உட்கார்ந்து, அதே படகில் திரும்பினோம். அம்மாவுக்குக் குறையொன்றும் இல்லை, தண்ணீரிலிருந்து பார்க்கத்தான் அந்த மாளிகைகளைக் கட்டியிருக்கிறார்கள் என்றார். அதனால் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்து பார்க்கிற ஊர் என்று நினைத்துப் போகாதீர்கள்.

இப்போது பொலோன்யா. இதைப் பற்றி எழுதத்தான் மூன்று வாரமாகக் கை துடிக்கிறது.

ஊர் முழுக்கத் தாழ்வாரம். நான் மிகைப்படுத்தவில்லை. பழைய நகருக்குள் மட்டும் 38 கிலோமீட்டர், வெளியேயும் சேர்த்தால் 62. போர்ட்டிகோ என்கிறார்கள். தூண்கள், வளைவுகள், மேலே வீட்டின் அறை, கீழே ஊராரின் நடைவழி. ரயில் நிலையத்திலிருந்து நடுச் சதுக்கம் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல், முக்கால்வாசி வழி கூரையின் கீழேயே நடந்தோம். மழை பெய்தது. குடை விரிக்கவே இல்லை.

எப்படி வந்தது என்று தங்கை மகள் சொன்னாள். பல்கலைக்கழகம் பெருகி மாணவர்கள் குவிந்தபோது இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருவின் மேல் நீட்டிக் கட்டினார்கள், தாங்குவதற்குத் தூண் ஊன்றினார்கள். மற்ற ஊர்களில் ஆக்கிரமிப்பு என்று இடித்தபோது, பொலோன்யா 1288இல் வேறு மாதிரிச் சட்டம் போட்டது: கட்டிக்கொள், ஆனால் கீழே எல்லாரும் போக வழி விடு. புது வீடு எல்லாவற்றுக்கும் போர்ட்டிகோ கட்டாயம். குதிரையில் வருபவர் குனியாமல் போகும் உயரம் வேண்டும் என்பதும் விதி. இடம் வீட்டுக்காரருடையது, உரிமை நடப்பவருடையது. ஸ்ட்ராடா மஜ்ஜோரே தெருவில் 13ஆம் நூற்றாண்டு ஓக் மர உத்தரங்களோடு ஒரு வீடு இன்னும் நிற்கிறது. ஒன்பது மீட்டர் உயர மரக்கால்கள். அம்மா அதன் அடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வைசியாள் வீதிப் பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

புதுச்சேரியில் தாழ்வாரத்தைத் தெருவிலிருந்து பெரும்பாலும் எடுத்தாயிற்று. ஜார்ஜ் டவுனில் ஐந்தடி துண்டு துண்டாக நிற்கிறது. பொலோன்யாவில் எழுநூறு வருஷமாக விடாமல் வைத்திருக்கிறார்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நம்மிடமும் இருந்ததே என்ற ஆதங்கம் அந்த ஊரில் நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போனது.

குறைகள்: பளபளப்பான தரை ஈரத்தில் வழுக்கும், ரப்பர் அடியுள்ள செருப்பு அவசியம். சில இடத்தில் போர்ட்டிகோவே தெருவைவிட உயரமாக, ஏற இறங்கப் படியோடு இருக்கும். தெற்கே போகப் போக மலையடிவாரம் தொடங்குகிறது. சான் லூக்கா கோயிலுக்குப் போகும் 666 வளைவுகள் கொண்ட போர்ட்டிகோ மலைமேல் ஏறுவது, அதன் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, சுற்றுலாக்காரர்களுக்கான சிறு வண்டியில் மேலே போனோம். அசினெல்லி கோபுரத்தில் 498 படி, பக்கத்துக் கோபுரத்தின் சாய்வு கவலை தந்ததால் 2023 அக்டோபர் முதல் மூடியிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை.

6 நவம்பர் 2024

ஃபெராராவை விட்டுவிட்டேன். பொலோன்யாவிலிருந்து ரயிலில் அரை மணி. போ ஆற்றுச் சமவெளியில் இருப்பதால் தட்டு மாதிரி மட்டம். ஊரே சைக்கிளில் போகிறது, நம்மைவிட வயதான பாட்டிகள்கூட. மதில் சுவர் ஒன்பது கிலோமீட்டர், அதன் மேலும் ஓரத்திலும் மர நிழலில் நடக்கலாம். 1492இல் தொடங்கி விரிவாக்கிய வடக்குப் பகுதியில் அகலமான நேர்த் தெருக்கள்.

ஆனால் பழைய பகுதியில் தரை முழுக்க ஆற்றுக் குழாங்கல். ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் திரும்புகிறது. அம்மா பத்து நிமிஷத்தில் கைத்தடி கேட்டார். நல்ல வேளை, பல தெருக்களில் நடுவிலோ ஓரத்திலோ இரண்டு வரிசை தட்டைக்கல் பாவியிருக்கிறார்கள், வண்டிச் சக்கரத்துக்கு. அதன் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். சரிவு, நிழல், படி, இருக்கை எல்லாம் பார்த்தேன், தரை எதனால் ஆனது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

7 நவம்பர் 2024

இவ்வளவு பார்த்தால் எந்த ஊருமே தேறாதே என்று கேட்கிறார் ஒருவர். தேறும். எல்லாம் சரியாக இருக்கும் ஊரை நான் தேடவில்லை. எது சரியில்லை என்று முன்னாலேயே தெரிந்தால் அம்மாவின் வலியில்லாத நேரத்தை அங்கே வீணாக்க வேண்டாம், அவ்வளவுதான். நான் இப்போது வரைபடத்தைவிடத் தெருப் படங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். தங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு வீதியாகத் திரையில் நடந்து பார்த்தால் நடைபாதை, படி, நிழல், கல் எல்லாம் தெரிந்துவிடும். ஒரு மாலை செலவாகும். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், பயணம் அங்கேயே தொடங்கிவிடும்.

19 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறையில் மறுபடி புதுச்சேரி. இந்தத் தடவை தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி. காலை ஆறரைக்குக் கடற்கரைச் சாலை, எட்டரைக்குள் திரும்பி வந்து காபி, பதினொன்று வரை தமிழர் பகுதி, மதியம் தூக்கம், நாலரைக்கு மேல் பாரதி பூங்கா. அதே ஊர்தான். 2023 ஆகஸ்டில் நான் திட்டிய ஊர் இதுவா என்று இருந்தது.

வைசியாள் வீதிக்கும் போனோம். அந்தப் பாட்டி திண்ணையில் இல்லை, கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தோம். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், மாசியில் வருவார் என்றார்கள். அம்மா பொலோன்யாவிலிருந்து வாங்கி வந்த சின்னச் சாக்லேட் டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

2 நவம்பர் 2025

அடுத்து எங்கே என்று கேட்டவர்களுக்கு: கும்பகோணம். அதுதான் 2023இலேயே பட்டியலில் இருந்தது, வீட்டுக்குப் பக்கம் என்பதாலேயே தள்ளிப்போனது. மகாமகக் குளம், கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரம். 2028 மகாமகக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை, அதனால் கூட்டமில்லாத இப்போதே.

மார்கழியில் போகிறோம், அம்மாவுக்கு விடியற்காலைக் கோலம் பார்க்க வேண்டுமாம். தெருப் படங்களை நேற்றே பார்த்து முடித்துவிட்டார். பெரிய தெருவில் உட்கார இடம் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. மடக்கு நாற்காலியின் கால் ரப்பர் ஒன்று தேய்ந்துவிட்டது, அதை மாற்ற வேண்டும்.